பின்பலகை

ஜூலை 19, ஞாயிறு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம். அப்பாவிடம் வேண்டாம். தொபியாஸ் மாமாவிடம் சத்தியமாக வேண்டாம். படித்துவிட்டால் எடுத்த இடத்திலேயே, டிரங்குப் பெட்டிக்கு அடியில் செருகிவிடுங்கள். பார்ப்பவர்களுக்கு இது பதினொன்றாம் வகுப்பு வேதியியல் நோட்டு. பின்பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் தூங்கிய பிறகு, ஜன்னலோரம், தெருவிளக்கு வெளிச்சத்தில்.

நான் யாரைப் பற்றியும் குறை எழுதப் போவதில்லை. இதில் வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

இன்று மாமா எங்களுக்கு அவருடைய மீன்பிடி வள்ளத்தைக் கொடுத்தார். மாமா அம்மாவின் அண்ணன். ஜூன் மாதம் கடல் பொங்கியபோது அப்பாவின் வள்ளத்தை அலை தூக்கி, கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுப் பாறையில் அடித்தது. கரையில் நூறு பேர் நின்று கத்தினோம். மாமா ஒருவர்தான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குதித்தார். அப்பாவுக்கு மூன்று விலா எலும்பு முறிந்தது. வள்ளத்தில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. அதே வாரம் எங்கள் வீட்டின் முன்சுவரைக் கடல் எடுத்தது. "சாமான எடுத்துட்டு வா" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லி, மாமா தன் வீட்டு மாடி அறையைத் திறந்துவிட்டார். இப்போது அந்த அறையில் இருந்துதான் எழுதுகிறேன்.

புதிதாகப் பெரிய வள்ளம் வாங்கிவிட்டதால் பழைய ஃபைபர் வள்ளம் அப்பாவுக்கு. இரண்டாம் பூசை முடிந்து பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். மாமா கயிற்றை அப்பாவின் கையில் வைத்தார்.

"மச்சான், இது பழைய பெண்டாட்டி மாதிரி. சத்தம் போடும், ஆனா விட்டுட்டுப் போவாது."

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். லில்லிபாய் மாமி சிரிக்கவில்லை. "இந்தப் பழைய பெண்டாட்டி நாளைக்கே எனக்க அம்ம வீட்டுக்குப் போறேன். ஒமக்குச் சோறு யாரு பொங்குவா, வள்ளமா?" என்றார். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

அம்மா அழுதாள். அப்பா கயிற்றைப் பிடித்தபடி வள்ளத்தின் பின்பக்கம் போய்ச் சும்மா விரலால் இரண்டு தட்டு தட்டினார். பிறகு மாமாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவுக்கு நன்றி சொல்லத் தெரியாது. நான் சொல்கிறேன். மாதாவே, நன்றி.

ஜூலை 21, செவ்வாய்

தாசையன் அண்ணன் வேலையைத் தொடங்கிவிட்டார். பழைய ஃபைபர் வள்ளங்களைச் சீர்செய்வதுதான் அவர் தொழில். பழைய பெயின்டைச் சுரண்டித் தேய்த்து, புது ஃபைபர் துணியை ரெசினில் நனைத்து ஒட்டி, மறுபடி பெயின்ட் அடித்து ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, மாதா திருநாளன்று, வள்ளத்தைக் கடலில் இறக்குவதாகத் திட்டம். பள்ளியிலிருந்து வந்ததும் சாயா கொண்டு போனேன். அவர் தலை, புருவம் எல்லாம் வெள்ளைத் தூள்.

ஃபைபர் வள்ளம் என்றால் முழுவதும் ஃபைபர் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். பின்பக்கம், எஞ்சின் தொங்குகிற இடத்தில், இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே இரண்டு அங்குல மரப்பலகை இருக்கிறது. எஞ்சினின் கனத்தைத் தாங்குவது அந்தப் பலகைதான். ஆணித் துளை வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போனால் பலகை மெதுவாக அழுகும். வெளியே தோல் பளபளவென்றுதான் இருக்குமாம்.

"சிலுவதாசண்ணே, துணி ஒட்டும் முன்ன பின்பலகையில ரெண்டு துள போட்டுப் பாத்திருவோம். பொடி வெளுத்து வந்தா ராசா. கறுத்து ஈரமா வந்தா, பலகையை மாத்தணும்" என்றார் தாசையன் அண்ணன்.

"துள ஒண்ணும் வேண்டாம்" என்றார் அப்பா.

"பாக்கதுக்குத்தானே?"

"மச்சான் மனசாரத் தந்த பொருளு. அவரு வீட்டு முற்றத்துல வச்சு ஓட்ட போட்டுப் பாக்கவா? தானம் தந்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்கப்பிடாது, தாசையா."

"மாட்டுக்குப் பல்லு போனாலும் பாலு தரும் அண்ணே. வள்ளத்துக்குப் பலக போனா என்ன தரும்?"

அப்பா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தால் இன்னும் வலிக்கிறது அவருக்கு. துளை போடவில்லை.

ஜூலை 22, புதன்

மழை. வள்ளத்தைத் தார்ப்பாயால் மூடினோம்.

ஜூலை 25, சனி

இதை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

அம்மாவும் நானும் வள்ளத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே தேய்த்தாள். ஜூனுக்குப் பிறகு அம்மா பாடி இன்றுதான் கேட்டேன். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு பைப்புக்குப் போனபோது நான் தட்டிப் பார்த்தேன். சந்தையில் மீன் சட்டி வாங்கும்போது அம்மா சுண்டிப் பார்ப்பாள். நல்ல சட்டி பேசும், கீறல் விழுந்த சட்டி முனகும் என்பாள். அதே மாதிரிதான் செய்தேன், எவர்சில்வர் டம்ளரின் அடிப்பாகத்தால்.

பக்கவாட்டில் எங்கே தட்டினாலும் 'டங்' என்று கேட்டது. பின்பலகையில் வலது மேல் மூலையிலும் 'டங்'. நடுவுக்கு வந்தால் சத்தம் தடித்தது. எஞ்சின் ஆணித் துளைகளுக்குக் கீழே 'தொப்'. ஈரச் சாக்கைத் தட்டியது மாதிரி. இடப்பக்கம் முழுக்க 'தொப்'. பள்ளிப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, சத்தம் மாறுகிற இடங்களில் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலகையில் முக்கால்வாசி 'தொப்' வட்டத்துக்குள் வந்துவிட்டது.

அம்மா வருவதற்குள் துடைத்துவிட்டேன்.

எனக்கு என்ன தெரியும்? நான் என்ன வள்ளக்காரியா? மாமா இந்த வருடம் எனக்கு இரண்டு ஜோடி யூனிபார்ம் தைத்துக் கொடுத்தார். இன்று மத்தியானம்கூட மாமி பெரிய மீன் தலையை என் தட்டில்தான் வைத்தார். அதைத் தின்றுவிட்டு அவர்கள் வள்ளத்தைத் தட்டிப் பார்க்கிறேன்.

ஜூலை 27, திங்கள்

அப்பாவிடம் கேட்டேன். நேராகக் கேட்கவில்லை. "வள்ளத்துல எல்லா இடத்துலயும் ஒரே சத்தமா கேக்கும் அப்பா?" என்றேன்.

"பின்ன மரம் இருக்கில்லா. மரத்துக்கு வேற சத்தம்" என்றார். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அப்பா எதற்கும் அவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறவர் அல்ல. ஆனால் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறார். மனது லேசானது.

அப்பாவுக்கு இந்த வள்ளம் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தனியாகப் போய் அதன் பின்னால் நிற்கிறார். காய்ச்சல் பார்ப்பது போல உள்ளங்கையைப் பலகையில் வைத்துக்கொண்டு.

விபத்துக்குப் பிறகு அப்பாவுக்கு நல்ல பொறுப்பு வந்திருக்கிறது. இன்று அம்மாவை உட்காரவைத்து மீனவர் நலவாரிய அட்டை, ரேஷன் கார்டு, என் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, எது எதற்கு என்று சொல்லிக்கொடுத்தார். "எனக்கு எதுக்கு இதெல்லாம், நீங்க இருக்கீங்கல்லா" என்று அம்மா எழுந்தாள். "இரி எப்ரேசியா. ஒருக்கா கேட்டுக்க" என்றார். முன்பெல்லாம் அப்பாவுக்கு ரேஷன் கார்டு எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

எப்போதும் கூடப் போகிற சித்தப்பாவையும் இந்தத் தடவை வேண்டாம் என்றுவிட்டார். "கொஞ்ச நாள் நான் ஒத்தைக்குப் போறேன். கரை ஓரமாத்தான்." சித்தப்பாவுக்குக் கோபம். சித்தப்பாவுக்குச் சின்னக் குழந்தைகள், ஓய்வாக இருக்கட்டும் என்று அப்பா நினைத்திருப்பார். என் அப்பா நல்லவர்.

ஜூலை 31, வெள்ளி

வேதியியல் தேர்வு. பஸ் வரவில்லை. மாமா பைக்கில் கொண்டு விட்டார். பின்னால் உட்கார்ந்து வரும்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மாமாவே வள்ளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"பதினெட்டு வருஷம் மக்கா. எனக்க அப்பன் கட்டுமரத்துல போனாரு. ரெண்டு வருஷத்துல மரம் ஊறி அழுகிரும், வேற மரம் தேடி மலைக்குப் போவணும். ஃபைபர் வந்த ஒடனே நான்தான் இந்தத் துறையில மொதல்ல வாங்கினேன். ஃபைபருக்கு அழுகல் கெடயாது கேட்டியா. நாம அழுகினாலும் அது அழுகாது."

"உள்ள மரம் இருக்குன்னு தாசையன் அண்ணன்..."

"ஆங்?" காற்றில் கேட்கவில்லை. "எனக்க மவன் நெல்சன், போன வருஷம் வர இதுலதானே எங்கூட வந்தான். தொட்டில் மாதிரி பிள்ள, தொட்டில் மாதிரி."

பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, தலையில் கை வைத்து, "போய் நல்லா எழுது" என்றார். மாமாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியவே தெரியாது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுவே பயமாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 3, திங்கள்

ஐந்து நாளாக மழை இல்லை. கொளுத்துகிற வெயில். இன்றும் ஆணித் துளையிலிருந்து தண்ணீர் கசிகிறது. தேயிலைச் சாயம் மாதிரி, பழுப்பாக ஒரு கோடு.

வியாழக்கிழமை புது ஃபைபர் துணி ஒட்டப் போகிறார்களாம். அதற்குப் பிறகு யாருக்கும் ஒன்றும் தெரியாது.

தாசையன் அண்ணனிடம் போய் நின்றேன். "நீங்க ஒரு துள போட்டுப் பாருங்க அண்ணே. நான் சொன்னேன்னு பறயாண்டாம்" என்றேன். அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"நான் கூலிக்கு வந்தவன் பிள்ளே. தந்தவரு நல்ல மனுசன், வாங்கினவரு அதுக்கு மேல நல்ல மனுசன். ரெண்டு நல்லவனுக்கு நடுவுல நான் துள போட்டா, நாளைக்கு எவனும் என்ன வேலைக்கு விளிக்க மாட்டான்."

ஆகஸ்ட் 4, செவ்வாய்

செய்துவிட்டேன்.

துளை போடத் தேவையே இருக்கவில்லை. பின்பலகையில் கயிறு கட்டுகிற இரும்பு வளையம் ஒன்று நான்கு திருகாணிகளால் மாட்டியிருக்கிறது. சாயங்காலம் எல்லோரும் ஜெபமாலைக்குப் போயிருந்தார்கள். எனக்கு வயிற்றுவலி என்று சொன்னேன். (பாவம். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிடுவேன்.) கீழ்ப்பக்கத் திருகாணி ஒன்றைக் கழற்றினேன். கழற்றவே வேண்டியிருக்கவில்லை, விரலால் இழுத்ததும் வந்துவிட்டது. துருப்பிடித்து முள் மாதிரி மெலிந்திருந்தது. அந்த ஓட்டையில் என் ஜாமெட்ரி பாக்ஸ் கவராயத்தின் முனையை வைத்து அழுத்தினேன்.

நல்ல மரமாக இருந்தால் முனை ஏறாது. முழுதும் ஏறியது. பென்சில் செருகுகிற வளையம் வந்து ஃபைபரில் முட்டியது. சுழற்றி வெளியே எடுத்தபோது கறுப்பாக, ஊறின புண்ணாக்கு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தேன். மூடிக்கிடந்த கிணற்றின் நாற்றம்.

அதை ஒரு மாத்திரை அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். திருகாணியைத் திரும்பச் செருகினேன். அது பிடிக்கவில்லை, சும்மா சுற்றியது. மெழுகுவர்த்தியை உருக்கி ஒட்டவைத்தேன்.

கை கழுவிய பிறகும் நாற்றம் போகவில்லை. சாப்பிடும்போது மாமி, "பிள்ளைக்கு வயிறு நோவுது" என்று எனக்கு மட்டும் தனியாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். இஞ்சி போட்டு. அதைக் குடிக்கும்போது எனக்குக் கண்ணீர் வந்தது, இஞ்சிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 5, புதன்

அப்பாவிடம் பெட்டியைக் காட்டினேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தார். மோந்து பார்க்கவில்லை, விரலால்கூடத் தொடவில்லை. அவருக்கு அது புதிது இல்லை. என் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சின்னப் பிள்ளைக்குக் கழுவுவது போல என் விரல்களை ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

"அம்மைக்கிட்ட பறஞ்சியா?"

"இல்ல."

"பறயாண்டாம்."

"அப்பா, ஒங்களுக்கு..."

"எனக்குத் தெரியும் மக்கா."

கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர்தான் மூடினார்.

"அந்த மனுசன் இடுப்புல கயிறு கெட்டிட்டுக் குதிச்சப்போ, அவருக்குப் பெண்டாட்டி பிள்ள இல்லையா? இந்த உசிரு அவரு தந்தது. சோறு அவரு தந்தது. அவரு முன்ன போய் நின்னு, ஒமக்க வள்ளம் அழுகினதுன்னு எப்பிடிப் பறய? ஊரு முன்ன, சாமியாரு முன்ன தந்தது. அதுக்குப் பெறவு அவரு கரையில எப்பிடி நடப்பாரு?"

"பலக விட்டுப்போனா?"

"கரை ஓரமாத்தான் போவேன். நீந்தத் தெரியும்." பிறகு கழுத்தில் கயிற்றோடு தொங்கிய மாதா பட உத்தரியத்தை எடுத்து என் கையில் வைத்தார். "மாமாகிட்டயோ அம்மைகிட்டயோ ஒரு வார்த்த பறய மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன்.

இப்போது எல்லாம் புரிகிறது. அந்தச் சான்றிதழ்ப் பை. சித்தப்பா. எல்லாம். அப்பாவுக்கு மூன்று விலா இன்னும் சேரவில்லை. நீந்தத் தெரியுமாம்.

ஆகஸ்ட் 6, வியாழன்

துணி ஒட்டியாயிற்று. பின்பலகைக்கு மட்டும் இரண்டு துணி கூடுதலாக ஒட்டச் சொன்னார் அப்பா. தாசையன் அண்ணன் அப்பாவின் முகத்தையே பார்த்தார். ரெசினில் பிரஷ்ஷை முக்கும்போது, "புண்ணுக்கு மேல பட்டுச்சேல" என்று முணுமுணுத்தார். அப்பாவுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது.

ஆகஸ்ட் 10, திங்கள்

வேதியியலில் 81. தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

வள்ளத்துக்கு நீலமும் வெள்ளையும் அடித்திருக்கிறார்கள். அவ்வளவு அழகு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மாமாவை வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுப் பூரிக்கிறாள். இன்று என் தலைவாரும்போது சொன்னாள்: "எல்லாம் போச்சுன்னு நெனச்சேன் பெனிற்றா. பாரு, ஒண்ணும் போவல்ல. கடவுளு எல்லாத்தயும் திருப்பித் தந்துட்டாரு." நான் "ஆமா அம்மா" என்றேன். அவளுக்கு நான் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

எனக்கும் எவ்வளவோ கிடைத்திருக்கிறது. இந்த அறை. இந்தக் கஞ்சி. பைக்கில் பள்ளிக்கு. அப்பா. முக்கியமாக அப்பா. கிடைத்ததற்கு நன்றி சொல்கிறவள், கிடைத்ததைக் காப்பாற்ற எதையாவது உடைக்கலாமா?

ஆகஸ்ட் 13, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தன் வள்ளத்தை இன்னொருவருக்குக் கொடுத்தால், கொடுத்தவர் கையாலேயே எஞ்சினை மாட்டி, திருகை இறுக்கிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அவருடைய மீன்பாடும், அதாவது மீன் கிடைக்கிற யோகமும், வள்ளத்தோடு சேர்ந்து போகும் என்பார்கள். அப்பா அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "பதினஞ்சாம் தேதி விடியக்காலம் நானே மாட்டிக்கிடுவேன், மச்சானுக்குத் திருநாள் வேலை இருக்கும்" என்று தாசையன் அண்ணனிடம் சொன்னதை மாடிப்படியில் நின்று கேட்டேன்.

இராச்சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே உட்கார்ந்திருந்தோம். மாமி நெத்திலி அவியல் பரிமாறினார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"மாமா, எஞ்சின நீங்கதானே மாட்டணும்? தந்தவங்க இறுக்காம வள்ளம் எறக்கினா மீன்பாடு தந்தவங்ககூடவே நின்னுரும்னு எல்லாரும் பறயாங்க."

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"பாத்தியா மச்சான்" என்றார் மாமா. "ஒனக்க மவளுக்கு இருக்க வெவரம் ஒனக்கு இல்ல. எனக்க மீன்பாட்ட எனக்கே வச்சுட்டுப் போவப் பாக்கியா?"

"அப்படியாவது ஒமக்கு ஒரு மீன் கெடைக்கட்டும்னு பாத்திருப்பாரு" என்றார் மாமி. "போன மாசம் நீரு கொண்டு வந்தத பூன கூட மோந்து பாக்கல்ல."

"நாளைக்கு நாலு மணிக்கு வாறேன்" என்றார் மாமா.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. படியேறும்போது பின்னாலிருந்து, "கால் பாத்து ஏறு" என்று மட்டும் சொன்னார்.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உத்தரியத்தைத் தொட்டுச் சொன்னதை மீறினேனா என்று தெரியவில்லை. மாமாவுக்கு எதுவும் தெரியாமலே இறுக்கிவிட்டால்? பதினெட்டு வருடம் திருகிய கை. அதற்குத் தெரியும். தெரிய வேண்டும்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மாமா திருநாளுக்கு வாங்கிய வெள்ளைச் சட்டையோடு வந்தார். எட்டுப் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். எஞ்சினைத் தூக்கிப் பின்பலகையில் தொங்கவிட்டார்கள். அதைப் பலகையோடு கவ்வ இரண்டு கைத்திருகு உண்டு. மாமா ஒரு திருகைப் பிடித்து, "சேசுவே, இதுல ஏறுகவனுக்கு வல நெறயட்டும்" என்று சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. வழக்கமாக மூன்றாம் சுற்றில் இறுகும். "பெயின்ட் புதுசில்லா, வழுக்குது" என்று சிரித்தார். நான்கு. ஐந்து. அவர் சிரிப்பது நின்றது. ஆறாம் சுற்றில் புது பெயின்டுக்குள் நெறுநெறுவென்று ஒரு சத்தம். திருகின் வட்டத் தகடு பலகைக்குள் அரை விரல் இறங்கியிருந்தது. இன்னும் இறங்க இடமிருந்தது.

மாமா கையை எடுத்தார். கீழே கிடந்த ஸ்பானரை எடுத்து, ஆணித் துளைக்குக் கீழே ஒரு தட்டு. இடப்பக்கம் ஒரு தட்டு. காதை வைத்து இன்னொரு தட்டு. பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க" என்றார் மாமா.

எல்லோரும் போனார்கள். தாசையன் அண்ணன் முதல் ஆளாகப் போனார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன்.

மாமா எஞ்சினைத் தனியாகவே கழற்றி மணலில் வைத்தார். தாசையன் அண்ணனின் அறுக்கிற மெஷினை எடுத்தார். "மச்சான், வேண்டாம்" என்று அப்பா கையைப் பிடித்தார். மாமா தட்டிவிட்டு, அந்த நீலத்தில், அந்த அழகான நீலத்தில், ஒரு சதுரம் அறுத்து எடுத்தார். உள்ளே கைவிட்டு அள்ளினார். மரம் என்று ஒன்றும் இல்லை. கறுப்புச் சேறு. சட்டைக் கையெல்லாம் வழிந்தது.

"எப்பம் தெரியும்?"

அப்பா எஞ்சினில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார்.

"கேக்கேன். எப்பம் தெரியும் ஒனக்கு?"

"தந்த அண்ணைக்கே."

மாமா மணலில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன வருஷம் வர இதுல எனக்க மவன ஏத்திட்டுப் போனேன் மச்சான். முப்பது கிலோமீட்டர். ராத்திரி முச்சூடும் தங்கலுக்கு. ஃபைபர் அழுகாதுன்னு ஊரெல்லாம் பறஞ்சுட்டு நடந்தேன்."

"ஒமக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். பறஞ்சா ஒமக்கு வெசனமாவும்னு..."

"நீ செத்தா எனக்குச் சந்தோசமாவுமா?"

அப்பா கை துடைக்கத் துண்டை நீட்டினார், மாமா வாங்கவில்லை.

"ஒன்னக் கடல்ல இருந்து தூக்கினது, திரும்பக் கொண்டுபோய் அங்கயே இடுவதுக்கா? எனக்க தங்கச்சி மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்? நன்றி காட்டுகானாம், நன்றி." கையிலிருந்த கறுப்புச் சேற்றை எடுத்து அப்பாவின் நெஞ்சில் வீசினார். அது அப்பாவின் சட்டையில் பட்டு, மெதுவாகக் கீழே வழிந்தது. அப்பா குனிந்து விலாவைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் நின்ற இடத்திலிருந்து சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. மாமாவும் அதேபோல்தான் இருந்தார். பிறகு மாமா நகர்ந்து உட்கார, அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மற்றவர்கள் சாயா குடித்துவிட்டு வந்தபோது மாமா எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் தந்த வள்ளத்துல பலக அழுகிப் போச்சு. தெரியாமத் தந்துட்டேன். தாசையா, பின்பக்கம் முழுசும் அறுத்து எடு. புதுப் பலக போட்டு முடிக்க வர மச்சான் எங்கூட எனக்க வள்ளத்துல வருவாரு. ஒங்க வீட்டுப் பழைய ஃபைபரையும் எல்லாரும் இண்ணைக்கே போய்த் தட்டிப் பாருங்க." யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் உடனே தங்கள் வள்ளத்தை நோக்கி நடந்தார்கள். இன்னும் கரையிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மாமாவின் தலை குனியும் என்று அப்பா பயந்தார். அவர் குனியவே இல்லை.

அதற்குப் பிறகுதான் மாமா அப்பாவிடம் கேட்டார்: "அந்தப் பிள்ள எதுக்கு நேத்து என்ன மாட்டச் சொன்னா?" அப்பா திரும்பித் தொட்டிப் பக்கம் பார்த்தார். நான் ஓடி வந்துவிட்டேன். சாப்பிடவும் போகவில்லை. அம்மா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, பிறகு கூப்பிடவில்லை. கீழே எல்லோரும் பேசுகிற சத்தம் கேட்டது. மாமியின் குரல் மட்டும் உயர்ந்தது, தாழ்ந்தது. இப்போது அமைதியாக இருக்கிறது.

எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை. நாளை கடலுக்கு அப்பா தனியாகப் போகமாட்டார். இதை எழுதிப் பார்க்கத்தான் இவ்வளவு நேரம் விழித்திருந்தேன். மாதாவே, மாமாவின் கைக்கு நன்றி. ஆறாவது சுற்றுக்கு நன்றி. சேற்றை வீசியதற்குக்கூட நன்றி. அப்பா

படியில் யாரோ ஏறுகிறார்கள். ஒருவர் இல்லை, இரண்டு பேர். கதவைத் தட்டுகிறார்கள்.

"பெனிற்றா, நீ முழிச்சிருக்கன்னு தெரியும். ஒனக்க அப்பன் சோறு கொண்டாந்திருக்கான், நான் மீன் கொண்டாந்திருக்கேன். ஆறிப்போவும். கதவத் தொற மக்கா." மாமா. பக்கத்தில் அப்பா இருமுகிறார். நான்